ஆறத் தாமதிக்கும் அறுவைப் புண்: கணக்கில் ஏறாத செலவு

(மாவட்ட மருத்துவமனைகளின் நிர்வாக அலுவலர்கள், கணக்கு அலுவலர்கள் ஆகியோருக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புண்ணைப் பற்றிப் பேசுவதற்குப் பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். பின் வரிசையில் அறுவை மருத்துவர்கள் சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். நான் தவறும் இடங்களில் அவர்கள் தாராளமாகத் திருத்தலாம். மருத்துவம் எனக்குத் தொழிலன்று. அரசின் செலவினங்களைப் பகுத்துப் பார்ப்பதே முப்பது ஆண்டுகளாக என் வேலை. ஆனால் ஒரு முறை என் வயிற்றிலேயே ஒரு செலவினம் திறந்து கொண்டது. அதிலிருந்து இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்தது.

வடமாநில நகரம் ஒன்றில் பணியில் இருந்தபோது பித்தப்பைக் கற்களுக்காக எனக்கு லேப்பராஸ்கோப் முறையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினேன். தையல் பிரித்தார்கள், எல்லாம் சுகம். ஐந்தாவது வாரத்தில் தொப்புளருகே, ஆறிப்போன தழும்பின் அடியில், ஒரு சிறு கட்டி தோன்றியது. வலி அதிகமில்லை, காய்ச்சலும் இல்லை. சில நாட்களில் அது உடைந்து நீர்த்த சீழ் வடியத் தொடங்கியது. கட்டு மாற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சீழைச் சோதனைக்கு அனுப்பினால் கிருமி எதுவும் வளரவில்லை என்று அறிக்கை வந்தது. வேறு மாத்திரை கொடுத்தார்கள். மீண்டும் அதே அறிக்கை. இப்படி இரண்டரை மாதங்கள் கழிந்தன. அதற்குப் பிறகே மூத்த மருத்துவர் ஒருவர், இது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான வேறு வகை மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம் என்று ஐயுற்று, அதற்குரிய தனிச் சோதனைக்கு அனுப்பினார். அவர் ஐயம் சரியாயிற்று. கெட்டுப்போன தசையை வெட்டி எடுத்து, கிளாரித்ரோமைசின் உள்ளிட்ட கூட்டு மருந்துகளைப் பல மாதங்கள் கொடுத்த பின்னரே புண் மூடியது.

இந்தக் கிருமி குழாய்த் தண்ணீரில் வாழ்வது. லேப்பராஸ்கோப் கருவிகளை ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் குளூட்டரால்டிஹைடு கரைசலில் இருபது நிமிடம் ஊறப்போட்டு எடுப்பது பல இடங்களில் வழக்கம். இருபது நிமிடம் என்பது கிருமிகளைக் குறைப்பதற்குப் போதும். முற்றாகக் கொல்வதற்குப் போதாது. அதற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். ஊறவைத்த கருவியைச் சாதாரணத் தண்ணீரில் அலசினாலோ, போன கிருமி திரும்பி வந்துவிடுகிறது. இந்நாட்டு அறுவை மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக மருத்துவ இதழ்களில் எழுதி வருகிறார்கள். கருவிகளைப் பிரித்துக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது, அலசுவதற்குக் கிருமி நீக்கிய நீரையே பயன்படுத்துவது, போதிய எண்ணிக்கையில் கருவிகளை வாங்கி வைப்பது ஆகியவையே இதற்கு வழி. கருவித் தொகுதி ஒன்றே ஒன்று இருக்கும் அரங்கில், ஒரே காலையில் ஆறு பேருக்கு அறுவை செய்ய வேண்டுமானால், இருபது நிமிடத்துக்கு மேல் யாரால் காத்திருக்க முடியும்? இரண்டாவது தொகுதிக்கான கோரிக்கை எந்த மேசையில் தங்கிவிடுகிறது என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். அத்தகைய மேசைகளில் நானும் அமர்ந்திருக்கிறேன்.

டிரெஸ்ஸிங் அறையின் பெஞ்சு

என் கதையை இத்துடன் நிறுத்துகிறேன். எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, மருத்துவ விடுப்பு இருந்தது, மத்திய அரசு சுகாதாரத் திட்டம் மருந்துச் செலவை ஏற்றுக் கொண்டது. சொல்ல வேண்டிய கதை, டிரெஸ்ஸிங் அறைக்கு வெளியே பெஞ்சில் என்னருகே உட்கார்ந்திருந்த ஒரு கொத்தனாருடையது.

அவருக்கு இரைப்பையில் துளை விழுந்து, நள்ளிரவில் அவசரமாக வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றியிருந்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைக்கும் படுக்கைக்கும் ஒரு காசும் செலவில்லை. எட்டாம் நாள் தையல் வழியே சீழ் கசிந்தது. தையல்களைப் பிரித்துப் புண்ணைத் திறந்து விட்டார்கள். திறந்த புண் அடியிலிருந்து தானாகத் தூர்ந்து வர வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். அவர் கிராமத்திலிருந்து மருத்துவமனை இரண்டு பேருந்துத் தொலைவு. மனைவி உடன் வருவார். நான் கணக்குப் பார்க்கும் ஆள் என்று தெரிந்ததும் அவரே விரல் விட்டுச் சொன்னார். இருவருக்கும் போக வரப் பேருந்துக் கட்டணம் 160 ரூபாய். கடையில் வாங்கும் துணிக்கட்டு, பிளாஸ்திரி, மருந்து 110 ரூபாய். அன்றைக்கு மனைவி இழக்கும் கூலி 300 ரூபாய். ஒரு நடைக்கு 570 ரூபாய். ஏழு வாரத்தில் 24 நடை. மொத்தம் 13,680 ரூபாய். அவர் வேலைக்குப் போகாத நாட்கள் 42. நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் வீதம் அது 25,200 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் 38,880 ரூபாய். “சாஹப், ஆபரேஷனுக்குக் கடன் வாங்கவில்லை, ஆறுவதற்குத்தான் வாங்கியிருக்கிறேன்” என்றார்.

இந்த 38,880 ரூபாய் எந்த ஏட்டிலும் இல்லை. மருத்துவமனை ஏட்டின்படி அவர் குணமடைந்து வீடு திரும்பியவர். 2018 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது; வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலான தொடர் சிகிச்சையும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடு, இதற்கு முன் அதுவும் இல்லை. ஆனால் புண்ணுக்கு அந்த 15 நாள் கெடு தெரியாது. அறுவைத் தொற்று என்று மருத்துவ உலகம் வகுத்துள்ள வரையறையே 30 நாட்கள். வலை, செயற்கை மூட்டு போன்றவற்றை உடலில் பொருத்தும் சில அறுவைகளுக்கு 90 நாட்கள். ஏழாம் வாரத்துப் பேருந்துக் கட்டணத்தையும் கூலியையும் எந்தக் காப்பீடும் கேட்பதில்லை.

இது ஒருவருடைய கணக்கு மட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் பெரிய எண்களைப் பார்ப்போம். 66 நாடுகளின் 343 மருத்துவமனைகளில் இரைப்பை, குடல் ஆகியவற்றில் அறுவை செய்து கொண்ட 12,539 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. 30 நாட்களுக்குள் புண்ணில் தொற்று கண்டவர்கள், மனித மேம்பாட்டில் உயர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், இடைப்பட்ட நாடுகளில் 14.0 சதவீதம், தாழ்ந்த நாடுகளில் 23.2 சதவீதம். நாடு ஏழையாக ஏழையாக அதன் குடிமக்களின் புண் ஆறுவதும் கடினமாகிறது. 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல மாதிரி ஆய்வின்படி நம் நாட்டில் பிரசவங்களில் 21.5 சதவீதம் அறுவை வழியாக நடக்கின்றன. 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கைக்குழந்தையோடு வயிற்றுப் புண்ணையும் சுமந்து நாள் விட்டு நாள் பேருந்து ஏறும் தாய் கண்ணுக்குத் தெரிவாள்.

புண் ஏன் தாமதிக்கிறது?

தைத்த புண்ணின் மேல்தோல் ஓரிரு நாளில் ஒட்டிக் கொள்கிறது. அதைக் கண்டு நாம் ஆறிவிட்டது என்று எண்ணுகிறோம். உள்ளே வேலை அப்போதுதான் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் வீக்கமும் வெப்பமும். அது உடல் குப்பையை அகற்றும் காலம். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் சிவந்த புதுத்தசையும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் வளர்கின்றன. அதன் பின் மாதக்கணக்கில் நார்கள் முறுக்கேறித் தழும்பு வலுப்பெறுகிறது. மூன்று மாதங்கள் கழிந்தாலும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதமே திரும்புகிறது. முழுமையாக என்றும் திரும்புவதில்லை. கட்டுமான வேலையைப் போல இதற்கும் சரக்கு வேண்டும், ஆள் வேண்டும், பாதை வேண்டும். புரதம்தான் சரக்கு. சுத்தமான இரத்த ஓட்டம்தான் பாதை. வேலை நின்று போனால் எது வரவில்லை என்று பார்ப்பதே சிகிச்சையின் முதல் படி.

அனுபவமுள்ள மருத்துவர் ஆறாத புண்ணைக் கண்டதும் மருந்துச் சீட்டை எடுப்பதில்லை, கேள்விகளை எடுக்கிறார். உள்ளே சீழோ இரத்தமோ தேங்கி நிற்கிறதா? செத்த தசை கிடக்கிறதா? நூல் முடிச்சோ, வலையின் ஓரமோ உறுத்துகிறதா? சர்க்கரை எவ்வளவு? நோயாளி பீடி குடிக்கிறாரா? இருமுகிறாரா? ஸ்டீராய்டு மாத்திரை தின்கிறாரா? என்ன சாப்பிடுகிறார்? தேங்கியதை வெளியேற்றி, செத்ததை வெட்டி நீக்கி, உறுத்துவதை எடுத்துவிட்டுக் கழுவினாலே பல புண்கள் தம் வேலையைத் தாமே மீண்டும் தொடங்குகின்றன. சுற்றிலும் சிவப்புப் பரவுவது, காய்ச்சல் போன்றவை இருந்தாலன்றிக் கிருமிக்கொல்லி மருந்தால் பயனில்லை. திறந்த புண் எதைத் துடைத்துச் சோதித்தாலும் ஏதேனும் ஒரு கிருமி கிடைக்கத்தான் செய்யும். கிடைத்ததற்கெல்லாம் மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்தவர்களாவோம்.

சுசுருத சம்ஹிதை புண்ணுக்கென்று அறுபது வகை உபாயங்களை வகுத்துச் சொல்கிறது. அத்தனை காலமாக இந்நாட்டில் புண்ணைப் பார்த்து வந்திருக்கிறோம். எனினும் புண்ணைக் காய வைத்தால்தான் ஆறும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற பிரித்தானிய ஆய்வாளர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலவற்றை மூடி ஈரப்பதத்துடனும் சிலவற்றைத் திறந்து உலரவும் விட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தவை ஏறத்தாழ இரு மடங்கு விரைவில் மூடின. தூய்மையான ஈரம் வேண்டும், சொதசொதப்பு கூடாது. நன்றாகச் சிவந்து வளரும் புண்ணில் நாள்தோறும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வது, முளைத்த நாற்றின் மேல் வெந்நீர் ஊற்றுவதற்குச் சமம். உலர்ந்து ஒட்டிய துணியைப் பிய்த்து எடுக்கும்போது நோயாளி அலறுவதோடு புதுத்தசையும் பிய்ந்து வருகிறது.

ஈரம் காக்கும் கட்டுக்கு விலை உயர்ந்த பொருள்தான் வேண்டும் என்பதில்லை. பம்பாயில் டாக்டர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டித் தீப்புண்ணுக்குக் கட்டினார். 1985இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் மும்பை மருத்துவர்கள், ஒட்டுத்தோல் எடுத்த இடத்துப் புண்ணுக்கு வாழையிலையைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தி, அது ஒட்டாமலும் வலியில்லாமலும் வருவதை 2003இல் காட்டினர். எல்லாப் புண்ணுக்கும் வாழையிலை என்று நான் சொல்லவில்லை. ஆழமான வயிற்றுப் புண்ணுக்கு அது பயன்படாது. விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன், புண்ணுக்கு என்ன தேவை என்று கேட்கும் மனப்பாங்கைத்தான் சொல்கிறேன்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. கொத்தனாரின் வீட்டில் பருப்பும் சோறும் தின்றால் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். இரண்டு வாரமாக ரொட்டியும் தேநீரும்தான். நம் பக்கத்திலும் இந்தப் பத்தியம் வேறு பெயர்களில் இருக்கிறது. என் தாயார் எனக்கே முட்டையை மறுத்தார். புண் ஆற வேண்டியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும். சரக்கு லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வீடு எழும்பவில்லை என்று வருந்துகிறோம். அந்த டிரெஸ்ஸிங் அறையின் மூத்த செவிலியர்தான் முதலில் இதைக் கேட்டவர். வறுத்த கடலை, பால், முட்டை எது முடியுமோ அதைச் சாப்பிடச் சொன்னார்; பீடியை நிறுத்தச் சொன்னார்; இருமும்போது வயிற்றைத் தலையணையால் அணைத்துக் கொள்ளப் பழக்கினார். மூன்று வாரத்தில் புண்ணின் அடி மேலே ஏறி வந்தது. உணவுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே வாரத்தில்தான் உள்ளே கிடந்த நூல் முடிச்சு ஒன்றையும் மருத்துவர் எடுத்தார்.

எதற்குச் செலவிடுவது?

இனி உங்கள் பகுதிக்கு வருகிறேன். அரங்குக்கு வெளியேயும் உள்ளேயும் அறுவைக்கு முன்பு செய்யக்கூடிய சில காரியங்கள், பின்னால் பல வாரச் சீழைத் தடுக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பலருக்கு அது தெரியாது. அவசரமில்லாத அறுவைக்கு வருபவரின் சர்க்கரையை அறுவைக்கு முன்னும் பின்னும் 200க்குள் வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, சோதனைத் தாளும் இன்சுலினும்தான். பீடியை நான்கு வாரம் முன்பே நிறுத்தச் செய்வதற்கு ஒரு பேச்சு மட்டுமே செலவு. முந்தைய இரவு சவரக் கத்தியால் மயிரை மழிக்கும் வழக்கம் தோலைக் கீறிக் கிருமிக்கு வழிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதை விட்டுவிடச் சொன்னது. மிகவும் தேவையானால் மயிரைக் கத்தரித்தால் போதும். தடுப்புக்கான கிருமிக்கொல்லி ஊசியை அறுவை தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றும், அறுவை முடிந்த பின் அதைத் தொடரத் தேவையில்லை என்றும் அதே நிறுவனம் கூறியது. நம் மருத்துவமனைகள் பலவற்றில் ஊசி வார்டிலேயே காலையில் போடப்படுகிறது. நோயாளி பகல் வரை அரங்க வாசலில் காத்திருக்கிறார். பிறகு ஏழு நாள் அதே மருந்து தொடர்கிறது. மருந்துச் செலவு ஏழு மடங்கு. தேவையான நேரத்தில் இரத்தத்தில் மருந்து இல்லை. தணிக்கையில் இதை யாரும் கேட்டதாக நான் பார்த்ததில்லை. ரசீது சரியாக இருந்தால் எங்களுக்குப் போதும்.

விலை உயர்ந்தது எது, பயன் உள்ளது எது என்பதற்கு அண்மையில் இரண்டு அருமையான ஆய்வுகள் நடந்தன. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 5,788 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு 2021இல் வெளியாயிற்று. கிருமிநாசினி பூசிய விலை உயர்ந்த தையல் நூலைச் சாதாரண நூலோடும், ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைப் பழைய போவிடோன் அயோடினோடும் ஒப்பிட்டார்கள். உயர்ந்தவை மேலானவை என்று நிறுவ இயலவில்லை. எந்த நூலால் தைத்தாலும், எதைப் பூசினாலும், மொத்தத்தில் 22 சதவீதத்தினருக்குத் தொற்று கண்டது. அடுத்து, அதே ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022இல் வந்தது. வயிற்றை மூடும் தறுவாயில் மருத்துவக் குழுவினர் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றிக் கொண்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. மாற்றாதபோது 18.9 சதவீதமாக இருந்த தொற்று, மாற்றியபோது 16.0 சதவீதமாகக் குறைந்தது. ஏறத்தாழ மூன்று சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் பேருக்கு 29 பேர். அந்த 29 பேரில் ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன கொத்தனாரின் கணக்கைப் போட்டால் 11 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. கையுறையின் விலையும் கூடுதல் கருவித் தொகுதியைக் கழுவிக் கிருமி நீக்கும் செலவும் எவ்வளவு என்பது உங்கள் ஏடுகளில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

புண்ணில் நுரைப்பஞ்சை வைத்து மூடி, காற்றை உறிஞ்சும் கருவியைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கோரிக்கைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. ஏராளமாக நீர் கசியும் பெரிய புண்ணில் கட்டு மாற்றும் தடவைகளை அது குறைக்கக் கூடும். நம் மருத்துவர்கள் சுவரிலுள்ள உறிஞ்சு குழாயையும் சாதாரண நுரைப்பஞ்சையும் கொண்டே குறைந்த செலவில் அதைச் செய்து வருகிறார்கள். ஆனால் திறந்துவிட்ட அறுவைப் புண்களில் இக்கருவி ஆறும் காலத்தைக் குறைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2025இல் பிரித்தானியாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு கூறுகிறது. ஆகவே கோரிக்கை வரும்போது கருவிக்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். டிரெஸ்ஸிங் அறையில் காலை நேரத்துக்கு எத்தனை செவிலியர்? ஆட்டோகிளேவ் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது?

இன்னொன்று. கட்டு மாற்றுவதற்குக் கொத்தனார் ஏன் மாவட்டத் தலைநகர் வரை வர வேண்டும்? அவர் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. அங்கே கேட்டதற்கு, அறுவை செய்த இடத்துக்கே போகச் சொன்னார்களாம். அவர் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சீட்டில் கட்டு எப்படி, எதனால் மாற்ற வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. எழுதப்படாத புண்ணைத் தொடச் சிறிய நிலையத்துச் செவிலியர் அஞ்சுவது இயல்பே. உள்ளூர் மொழியில் நான்கு வரி எழுதி, அறுவைப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், 24 நடையில் 20 குறைந்திருக்கும்.

நாளைப் பிற்பகல் வகுப்புக்கு உங்கள் மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் அறைப் பதிவேட்டைக் கொண்டு வரும்படி ஏற்கெனவே கடிதம் அனுப்பியிருந்தோம். பெரும்பாலான பதிவேடுகளில் பெயர், வயது, கட்டணம் ஆகிய மூன்று பத்திகளே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அறுவை நடந்த நாள், வந்த தூரம், எத்தனையாவது வருகை, புண் மூடிய நாள் ஆகிய நான்கு பத்திகளைச் சேர்த்து, சென்ற மாதத்துப் பெயர்களில் முடிந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து நிரப்பப் பார்ப்போம். ஆளுக்குப் பத்துப் பெயர் போதும். வாசலில் தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்விகளை அங்கே வைத்துக் கொள்ளலாம்.